மூணரை இன்ச்

கால் இடிக்குதா சார்? கொஞ்சம் பொறுங்க, இப்படித் திருப்பி வச்சுடறேன். ஆங். இப்ப சரியா? தப்பா நினைச்சுக்கிடாதீங்க. மேல வைக்கலாம்னா கம்பிக்குள்ள நுழைய மாட்டேங்குது. டிரைவர் பக்கத்துல வைக்கலாம்னா, கியர் போடணும் எடுங்கங்கிறார். கோவில்பட்டியில ஏறினதுல இருந்து இதோட மல்லுக்கட்டுதான். கண்டக்டர் வந்து, "சார், இதுக்கு ஒரு சீட்டு எடுங்க"ன்னான். "யோவ், இதுவே சீட்டுதானேய்யா"ன்னேன். நான்தான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. எடுத்தாச்சு.

ஆமா, நாற்காலிதான். தேக்கு. பேப்பர் சுத்தியிருக்கறதால தெரியல. முதுகுக்கு நல்ல சாய்வு, ரெண்டு பக்கமும் கை. கடையில மூணு நாற்காலியில நானே மாத்தி மாத்தி உட்கார்ந்து பாத்து எடுத்தேன். இதுல உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராது பாத்துக்கிடுங்க. என் வீட்டுக்காரிக்கு. அவ இப்ப கோயம்புத்தூர்ல இருக்கா.

இல்ல இல்ல, நாங்க குடியிருக்கிறது கோவில்பட்டியிலதான். அவதான் அங்க இருக்கா. இதைக் கொண்டு போய் அவகிட்டக் காட்டி, நாளைக்குக் காலையில ரெண்டையும் சேத்துக் கூட்டிட்டு வந்துருவேன். அவளையும், நாற்காலியையும். சிரிக்காதீங்க சார். சிரிக்கிற விஷயம் இல்ல. நாலு மாசமாச்சு.

எம் பேரு சீனிராஜ். கணக்கு வாத்தியார். ரிட்டயராகி ரெண்டு வருஷமாகுது. வீட்டுக்காரி பேரு ராஜபுஷ்பம். ஒரே பொண்ணு, செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரன் வீட்டுல வேற என்ன பேரு வைக்க? எங்க அம்மன் பேரு அது. கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சு அந்த அம்மனாப் பாத்துக் கொடுத்த பிள்ளை. நாங்க வல்லின்னு கூப்பிடுவோம், காலேஜ்ல அவளை 'ஷென்'னு கூப்பிடுறாங்களாம். அது என்னமோ பாதித் தும்மல் மாதிரி இருக்கு எனக்கு.

எல்லாம் அவ படிச்ச படிப்பால வந்தது சார். நான் வேற யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

பன்னெண்டாவதுல கணக்குல தொண்ணூத்தாறு. என் பிள்ளைல்லா. இன்ஜினீயரிங் போவா, இல்ல பி.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சு என் மாதிரி வாத்தியாராவான்னு இருந்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "அப்பா, நான் இன்டீரியர் படிக்கப் போறேன்"ங்கிறா. எனக்குச் சோறு இறங்கல. ஏன்னா எங்க டிபார்ட்மெண்டுல இன்டீரியர்னா அர்த்தமே வேற. பஸ் போகாத ஊரு. கம்மாக்கரையில இறங்கி மூணு மைல் நடக்கணும். குடிக்கிற தண்ணிய நாமதான் கொண்டு போகணும். மழை பெஞ்சா கரிசல் மண்ணு செருப்பை வாங்கி வச்சுக்கிடும், திருப்பித் தராது. அதுக்குப் பேருதான் இன்டீரியர். "பாவம்யா, அவரை இன்டீரியருக்குப் போட்டுட்டாங்க"ன்னு சொன்னா, ஆளு என்ன தப்புப் பண்ணினான்னுதான் கேப்பாங்க. எனக்கே மூணு தடவை ஆர்டர் வந்துச்சு. மூணு தடவையும் மனு எழுதி, அலைஞ்சு, நிறுத்திட்டேன். முதுகு வலின்னு எழுதினேன். அதுல ஒரு தடவை நிஜமாவே வலி.

ஸ்டாஃப் ரூம்ல விஷயம் பரவிருச்சு. "ஏன் சார், நல்லாப் படிக்கிற பிள்ளையப் போயி இன்டீரியருக்கு அனுப்புறீங்க?"ன்னு கேட்டாங்க. "இன்டீரியர் டிசைன் சார், அது வேற"ன்னேன். "அப்படின்னா என்ன?"ன்னாங்க. எனக்கே தெரியாது. "வீட்டுக்கு உள்ள இருக்கிறதைப் பத்தின படிப்பு"ன்னு ஒரு போடு போட்டேன். எங்க தமிழ் வாத்தியார், "வீட்டுக்கு உள்ள என்ன சார் இருக்கு, நாலு வருஷம் படிக்க?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

வேண்டாம்னு சொல்லியிருப்பேன். புஷ்பம்தான் அடுப்படியில இருந்தே, "அவ கேக்குறதைப் படிக்கட்டும்"னா. அவ ஒரு விஷயத்துல வாயைத் திறக்கிறதே அபூர்வம். திறந்தா நான் தட்ட மாட்டேன். நான் அப்படிப்பட்ட ஆளு.

திரைச்சீலை, பூச்சாடி, சுவருக்கு என்ன கலர், இதைத்தான் படிப்பான்னு நினைச்சேன். அது இல்ல சார். ஆளை அளக்கிற படிப்பு அது. மனுஷன் கையைத் தூக்கினா எவ்வளவு உயரம் எட்டும், குனிஞ்சா எவ்வளவு, ரெண்டு பேர் எதிரும் புதிரும் வந்தா ஒதுங்க எத்தனை இன்ச் வேணும், எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. எனக்குப் பிடிச்சுப்போச்சு. லீவுக்கு வந்தான்னா கையில டேப்போடயே திரிவா. ரேஷன் கடை ஜன்னலை அளப்பா. கோயில் படியை அளப்பா. பஸ் படிக்கட்டை அளக்கப் போயி டிரைவர்கிட்ட ஏச்சு வாங்கினா. என்னை நிக்க வச்சு, உட்கார வச்சு, கையை நீட்டச் சொல்லி, எல்லாம் எழுதினா. எழுதிட்டு, "அப்பா, நீங்க அப்படியே ஸ்டாண்டர்டு சைஸ். எல்லாமே உங்க அளவுக்குத்தாம்பா செஞ்சு வச்சிருக்காங்க"ன்னா. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ரெண்டு நாள் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன்.

அவ அம்மாவையும் அளந்தா. புஷ்பம் நின்னு தோசை சுட்டுக்கிட்டு இருந்தா, இவ கீழ உட்கார்ந்து அவ காலை அளந்தா. ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நான் ஹால்ல பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன அளவுன்னு கேக்கணும்னு தோணல.

கடலை வேணுமா சார்? எடுத்துக்கிடுங்க, எங்க ஊர்க் கடலைமிட்டாயி. புஷ்பத்துக்குன்னு ரெண்டு பாக்கெட் தனியா இருக்கு, இது வழிக்கு.

எங்க விட்டேன்? ஆங், வீடு. எங்க வீட்டுக்கு பிளான் போட்டது நான்தான் சார். கிராஃப் பேப்பர்ல, ஒரு சென்டிமீட்டருக்கு ரெண்டு அடின்னு வச்சு, என் கையால போட்டேன். ஹால் பதினாறுக்குப் பன்னெண்டு. நாலு பேர் வந்தா உட்காரணும்ல. அடுப்படி ஏழுக்கு ஆறு. ஒரு ஆளு நின்னு சமைக்க அது தாராளம். வல்லி அப்ப வயித்துல இருந்தா. புஷ்பம் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அடுப்படி மேடை போடுற அன்னைக்குக் கொத்தனார், "எவ்வளவு உயரம் சார் வைக்க?"ன்னு கேட்டார். அளவுக்கு ஆள் வேணும்ல? நான்தான் அங்க இருந்தேன். பக்கத்துல போயி நின்னு, என் இடுப்புல கையை வச்சு, "இதுக்குச் சரியா வைங்க"ன்னேன். அவர் "முப்பத்திரண்டு போதுமே சார்"னு இழுத்தார். "குனிஞ்சு குனிஞ்சு வேலை செஞ்சா முதுகு போயிரும்யா"ன்னு நான்தான் சத்தம் போட்டு முப்பத்தெட்டு வைக்கச் சொன்னேன். அவ முதுகுக்காகத்தான் சார்.

பிள்ளையோட வந்து பாத்தா. ஆசாரி மிச்சம் போட்டிருந்த பலகை ஒண்ணைக் கொண்டாந்து அடுப்புக்கு முன்னால போட்டு, அது மேல ஏறி நின்னுக்கிட்டா. இருபத்திரண்டு வருஷமா அந்தப் பலகையிலதான் நின்னா. எவ்வளவு சமத்து பாருங்க. நான் கூடக் கேலி பண்ணுவேன், "எங்க வீட்டு ராணி மேடையில நிக்கிறா"ன்னு.

போன வருஷம் வல்லிக்குக் கடைசி வருஷத்துப் படிப்பு. காலேஜ் டீச்சரம்மா ஒரு வேலை கொடுத்தாங்களாம். உங்க வீட்டையே வரைஞ்சுட்டு வாங்க. வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரும் காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் எங்கெங்க போறாங்களோ, அதை ஆளுக்கொரு கலர்ல கோடா இழுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல எங்க உட்கார்ந்தாலும் அங்க ஒரு புள்ளி வைங்க. உட்கார உட்காரப் புள்ளியப் பெருசாக்குங்க. அவ்வளவுதான்.

பூசை லீவுக்கு வந்து செஞ்சா. நான் சிவப்பு, அவ அம்மா நீலம், அவ பச்சை. ஒரு நாள் முழுக்க நோட்டும் பென்சிலுமா எங்க பின்னாலயே திரிஞ்சா. சாயங்காலம் பாத்தேன் சார், என் சிவப்புக் கோடு எவ்வளவு சுத்தமா இருக்குங்கிறீங்க! கட்டில்ல இருந்து பாத்ரூம், அங்க இருந்து ஈசிச்சேர், அங்க இருந்து சாப்பாட்டு மேசை, திரும்ப ஈசிச்சேர். ஜாமெட்ரில வரைஞ்ச மாதிரி. ஈசிச்சேர் இருக்கிற இடத்துல ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்புப் புள்ளி. ஆனா அந்த நீலம் இருக்கே, ஒரே கிறுக்கல். அடுப்படியில போயி போயி வந்து வந்து பேப்பரே ஓட்டையாயிருச்சு. நடுவுல ரெண்டு தடவை பென்சிலைச் சீவினா. "என்னம்மா உங்கம்மா கோடு, கோழி கிளறின மாதிரி இருக்கு"ன்னேன். அவ என்னைப் பாத்தா. பாத்துட்டு மறுபடி குனிஞ்சு வரைய ஆரம்பிச்சுட்டா.

நீலத்துல புள்ளி ஒண்ணே ஒண்ணுதான். கொல்லைக் குழாய்கிட்ட. எங்க ஊர்ல தண்ணி நினைச்சா வராது, வர்ற அன்னைக்குப் பிடிச்சு வைக்கணும். குடம் நிறையற வரைக்கும் பக்கத்துல குத்தவச்சு உட்கார்ந்திருப்பால்லா, அது பன்னெண்டு நிமிஷம். கடுகளவு ஒரு புள்ளி. அதுவும் அன்னைக்குத் தண்ணி வந்ததால.

பங்குனியில கோயம்புத்தூர்ல, அவ காலேஜ்ல கண்காட்சின்னாங்க. பெத்தவங்க வரணும்னாங்க. போனோம். புஷ்பம் பட்டுச்சேலை கட்டிக்கிட்டா. பெரிய ஹாலு, சுவரு பூரா படம். எங்க வீட்டுப் படத்துக்கு முன்னாலதான் கூட்டம். எல்லாரும் நின்னு நின்னு பாத்துட்டுப் போறாங்க. சில பொம்பளைங்க போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. படத்துக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "இது எங்க வீடுதாங்க. பிளான் நான் போட்டது. அந்தச் சிவப்புப் புள்ளி நான்தான்"னு வர்ற போறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். ஒரு அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "அப்படியா"ன்னாங்க. வல்லி வந்து கையைப் பிடிச்சு இழுத்து, "அப்பா, டீ குடிச்சுட்டு வாங்க"ன்னா.

நான் டீ குடிச்சுட்டு வந்து பாக்குறேன், புஷ்பம் அந்தப் படத்துக்கிட்ட நிக்கிறா. நீலக் கோட்டு மேல விரலை வச்சு, மெதுவா அது போற வழியெல்லாம் போறா. போயி, திரும்பி, போயி, திரும்பி. குழாய்கிட்ட இருந்த அந்தப் புள்ளிக்கு வந்ததும் விரல் நின்னுருச்சு. படத்துக்குக் கீழ ஒரு குட்டி நாற்காலி போட்டிருந்தாங்க. வல்லி செஞ்சதுதான், மரம் அறுத்து, இழைச்சு, எல்லாம் அவளே. நான் வந்ததும் உட்கார்ந்து பாத்தேன். சொல்லக்கூடாது சார், பெத்த பிள்ளை செஞ்சது. ஆனா குட்டை. ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சு மாதிரி. என் முழங்கால் நெஞ்சுல வந்து முட்டுது. இதுக்குப் போயி மார்க் போட்டாங்களான்னு நினைச்சேன். புஷ்பம் அதுல போயி உட்கார்ந்தா. ரெண்டு காலையும் தரையில பதிச்சு, கையை மடியில வச்சு, உட்கார்ந்தா. உட்கார்ந்தவ எந்திரிக்கவே இல்ல. "ஏம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ங்கிறேன், அப்படியே இருக்கா. "சாமானைப் பார்வைக்கு வச்சிருக்காங்க, எந்திரி"ங்கிறேன், ம்ஹும். ஒரு மணி நேரம்.

அப்புறம் சொல்றா, "நீங்க போங்க. நான் ரெண்டு நாள் வல்லிகிட்ட இருந்துட்டு வாரேன்."

நானும் சரின்னுட்டேன். ரெண்டு நாள்தானே. வல்லி அப்பவே ஒரு டிசைன் ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டா. ஒரு ரூம் எடுத்திருந்தா. ரெண்டு நாள் பத்து நாளாச்சு. பங்குனி போயி சித்திரை, சித்திரை போயி வைகாசி, இப்ப ஆடி பிறந்தாச்சு.

தினமும் போன் போடுறேன். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. "என்ன பண்றே?"ம்பேன். "உட்கார்ந்திருக்கேன்"ம்பா. கோவமா இல்ல சார், சாதாரணமாத்தான் சொல்றா. ராத்திரி போட்டா, "என்ன பண்றே?" "உட்கார்ந்திருக்கேன்." மறுநாள் போட்டாலும் அதே. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "உட்கார்றதுக்கு எதுக்கும்மா கோயம்புத்தூரு? நம்ம வீட்டுல இடமா இல்ல? பதினாறுக்குப் பன்னெண்டு ஹாலு கிடக்கு"ன்னேன். அப்புறம் சொல்றா, "உங்களை இன்டீரியருக்குப் போட்டப்ப மூணு தடவை மனு எழுதி நிறுத்தினீங்க. நானும் இருபத்திரண்டு வருஷம் இன்டீரியர்லதான் இருந்தேன். நான் யாருக்கு மனு எழுத?"

புரியுதா உங்களுக்கு? எனக்குப் புரியல சார். அவ வேலைக்கே போனதில்ல. அவளுக்கு ஏது டிரான்ஸ்ஃபரு? கோவில்பட்டி முனிசிபாலிட்டி, நடு ஊரு, வாசல்லயே மினிபஸ் நிக்குது. இன்டீரியராம்! மகள் படிப்புல ஏதோ வார்த்தைய அரைகுறையாக் கேட்டுட்டுப் பேசுறான்னு நினைச்சேன். வல்லிகிட்டக் கேட்டா, "அப்பா, அம்மா சொன்னது சரியாத்தாம்பா இருக்கு"ங்கிறா. சரி, எனக்குத்தான் புத்தி இல்ல போல.

அடிச்சேனா, குடிச்சேனா? ஒரு கெட்ட வார்த்தை? ஒண்ணு கிடையாது. அவ வச்ச குழம்புல உப்பு இல்லாட்டிக்கூட நானா எந்திரிச்சுப் போட்டுக்கிட மாட்டேன், அவளே கொண்டாந்து வைக்கட்டும்னு பொறுமையா உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவன். நான் என்ன குறை வச்சேன்?

நானே சமைக்கிறேன் சார் இப்ப. ரசம் வருது. சோறு சில நாள் கஞ்சியாயிருது, சில நாள் அரிசியாவே இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த மேடை இருக்கே, அருமையான உயரம். எவ்வளவு நேரம் நின்னாலும் முதுகு வலிக்கல. அன்னைக்கு நான் யோசிச்சு வச்சது எவ்வளவு சரியாப் போச்சு பாருங்க. அந்தப் பலகைதான் காலை இடறிக்கிட்டே இருக்கு. தினம் ரெண்டு தடவையாவது இடறும். எடுத்துக் கொல்லையில போட்டுரலாம்னு ஒரு நாள் குனிஞ்சேன். பலகையில ரெண்டு இடத்துல பள்ளம். அவ பாதம் தேஞ்ச இடம். என் பாதத்தை அதுல வச்சுப் பாத்தேன், விரல் எல்லாம் வெளிய நிக்குது. இவ்வளவு சின்னப் பாதமா இவளுக்குன்னு இருந்துச்சு. என்னன்னு தெரியல, அடுப்புல ரசம் பொங்கி வழியுது, நான் அங்கனயே உட்கார்ந்து அழுதுட்டேன். அறுபத்திரண்டு வயசு ஆம்பளை. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க பல்லடத்துல இறங்கிருவீங்க.

பலகையை எடுக்கல. இடறினா இடறட்டும்.

வீடு கடிக்க வருது சார். நான் ஈசிச்சேர்ல உட்கார்ந்தா அடுப்படியில சத்தம் கேக்கணும். டம்ளர் உருளணும், குக்கர் கத்தணும். முப்பத்தோரு வருஷமா அந்தச் சத்தத்துலதான் பேப்பர் படிச்சிருக்கேன். இப்ப பேப்பரை விரிச்சா ஒரு எழுத்து ஓட மாட்டேங்குது.

அப்பத்தான் யோசிச்சேன். நான் கணக்கு வாத்தியார்ல்லா. கணக்குல விடை வரலைன்னா, கேள்வியத் திரும்பப் படிக்கணும். அந்தப் படத்துல என்ன குறை? அவளுக்குப் புள்ளி இல்ல. அதானே? அவளுக்கு உட்கார ஒரு இடம் வேணும். இடம்னா என்ன, ஒரு நாற்காலி. ஈசிச்சேருக்குப் பக்கத்துலயே போட்டுரலாம். முடிஞ்சுபோச்சு. இவ்வளவு சின்னக் கணக்குக்கு நாலு மாசம் திண்டாடியிருக்கேனேன்னு எனக்கே சிரிப்பா வந்துச்சு. நேரா கடைக்குப் போயிட்டேன். "யாருக்கு சார்?"ன்னு கேட்டாங்க. "வீட்டம்மாவுக்கு, நல்லதாக் காட்டுங்க"ன்னேன். "அம்மாவைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சுப் பாத்து எடுத்துக்கிடுங்களேன்"னாங்க. "அவ ஊர்ல இல்ல, நான் பாத்தாப் போதும்"னேன். அளவுக்கு ஆள் வேணும்ல.

ஒரு நிமிஷம் சார், போன். மகள்தான்.

சொல்லும்மா... தாராபுரம் தாண்டியாச்சு... சாப்பிட்டேன், ஒட்டன்சத்திரத்துல பஸ் நின்னுச்சு... அம்மா என்ன பண்றா?... சரி சரி, உட்கார்ந்திருக்கட்டும். ஏ வல்லி, நான் ஒண்ணு கொண்டாறேன், அம்மாகிட்டச் சொல்லிராத. நாற்காலி!... ஆமா, அவளுக்குத்தான். நம்ம வீட்டுக்கு... நல்ல தேக்கும்மா... என்ன உயரமா? எல்லாம் அளந்துட்டேன், உங்கப்பன் அளக்காம வாங்குவானா? தரையில இருந்து பதினெட்டு. ஸ்டாண்டர்டு... ஏன்?... எவ்வளவு?... பதினாலரையா? யாருக்குப் பதினாலரை?... அப்ப அந்தக் குட்டை நாற்காலி... ஓ... ஓ... இல்ல, எனக்குத் தெரியலம்மா. நீ அளந்தப்ப நான் ஹால்ல... சரிம்மா... சரி. வச்சுடறேன்.

கால் படாதாம் சார்.

இந்த நாற்காலியில அவ உட்கார்ந்தா கால் தரையில படாதாம். முழங்காலுக்குப் பின்னாடி பள்ளத்துல இருந்து தரைக்கு அவளுக்குப் பதினாலரை இன்ச்சுதானாம். நாற்காலி அதுக்கு மேல இருந்தா கால் தொங்கும், தொடை மரத்துப்போகும், பத்து நிமிஷத்துக்கு மேல உட்கார முடியாதாம். "நம்ம வீட்டுல இருக்கிற எதுலயுமே அம்மாவுக்குக் கால் படாதுப்பா, அதான் அவ உட்கார்றதே இல்ல"ங்கிறா. முதல் வருஷமே அளந்துட்டாளாம். நோட்டுல எழுதியிருக்காளாம். அந்தக் குட்டை நாற்காலி அவ அம்மாவுக்குன்னே செஞ்சதாம். இப்பவும் அதுலதான் உட்கார்ந்திருக்காளாம்.

எங்க கல்யாணப் போட்டோ ஒண்ணு இருக்கு சார். மணமேடையில ராஜா ராணி நாற்காலின்னு ரெண்டு பெருசு போட்டிருப்பாங்கல்லா, அதுல நாங்க உட்கார்ந்திருக்கோம். இப்ப ஞாபகம் வருது. அவ கால் ரெண்டும் அந்தரத்துல நிக்குது. கொலுசு கூடத் தெரியும். வீடு கட்டினதுல இருந்து அந்தப் போட்டோ ஹால்ல மாட்டியிருக்கு. நான் அதுல என் மீசையைத்தான் பாத்திருக்கேன்.

இப்ப என்ன செய்ய சார்? இதைத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சியோட போயி நிக்க? திரும்பிப் போகவும் முடியல, பஸ் அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு. போயி நின்னா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் பயமா இருக்கு. "நல்லா இருக்கு"ம்பா. கால் தொங்கத் தொங்க உட்கார்ந்து காட்டுவா. அப்புறம் நான் கிளம்பும்போது, "நீங்க எடுத்துட்டுப் போங்க"ம்பா.

எனக்கு அவ வேணும் சார். வேற ஒண்ணும் இல்ல. அவ வந்தாப் போதும்.

இருங்க, இருங்க. பதினெட்டுல பதினாலரை போனா? மூணரை. மூணரை இன்ச்தானே சார்? பல்லடத்துல தச்சுப் பட்டறை ஏதும் தெரியுமா உங்களுக்கு? ஸ்டாண்டுக்குப் பக்கத்துல? உங்க கூடவே நானும் இறங்கிக்கிடறேன். நாலு காலையும் மூணரை மூணரை இன்ச் அறுத்துட்டா ஆச்சு. பத்து நிமிஷ வேலை. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு இருட்டுறதுக்குள்ள போயிருவேன். அவ காலும் தரையில படும், நாளைக்கே கிளம்பி வந்துருவா. பாத்தீங்களா, கணக்குன்னா இதுதான் சார், எதுக்கும் ஒரு விடை இருக்கும்.

பிடிங்க, அந்தப் பக்கம் ஒரு கை கொடுங்க. மெதுவா, மெதுவா. ஸ்டாப்பு வந்துருச்சா?

ஒண்ணுதான் இடிக்குது சார். காலை அறுத்துட்டா, அப்புறம் நான் இதுல எப்படி உட்காருவேன்?